ஜப்பானில் கற்பித்துத் திரும்பியவர்களுக்கு: முதல் இரண்டு வருடத்துக்கான முழு வழிகாட்டி

பழைய மாணவர் சங்கத்தை ஜப்பானியர்கள் 'தோசோகாய்' என்பார்கள். எழுத்துகளைப் பிரித்துப் படித்தால் 'ஒரே ஜன்னல் கூட்டம்' என்று வரும். ஒரே ஜன்னலடியில் உட்கார்ந்திருந்தவர்கள் என்று பொருள். சென்னையில் ஜப்பானிய மொழித் தேர்வு எழுதியவர்களுக்கு இந்தச் சொல் பழக்கம்தான். அங்கே அந்தத் தேர்வை நடத்துவதே, ஜப்பானில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர்கள் அமைத்த ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய்தான்.

ஜப்பானியப் பள்ளிகளில் வெளிநாட்டு இளைஞர்களை வேலைக்கு அமர்த்தும் ஜெட் திட்டம் 1987-இல் தொடங்கியது. முதல் வருடம் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நான்கு நாடுகளிலிருந்து 848 பேர் போனார்கள். இன்றுவரை 70,000-க்கும் மேற்பட்டவர்கள் போய் வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு வருடமாக ஒப்பந்தம், அதிகபட்சம் ஐந்து வருடம். அதாவது போகிறவர்கள் பெரும்பாலும் திரும்பத்தான் போகிறார்கள். ஆனாலும் எல்லோரும் எழுதுவது எப்படிப் போவது என்றுதான். வந்த பிறகு என்ன செய்வது என்று எழுத ஆள் குறைவு.

நான் சிங்கப்பூரிலிருந்து போய், 2016 முதல் 2019 வரை ஷிமானே மாகாணத்தின் மலைப்பக்க ஊர் ஒன்றில் துணை மொழி ஆசிரியராக, அதாவது ஏ.எல்.டி.-யாக இருந்தேன். திரும்பி வந்தபின் தட்டுத்தடுமாறிக் கற்றதில் முக்கியமானது ஒன்று. ஓய்வூதியப் பணத்தைத் திரும்பக் கேட்க ஜப்பானியச் சட்டம் இரண்டு வருடக் கெடு வைத்திருக்கிறது. மொழிக்கும் மனிதர்களுக்கும் அப்படி யாரும் கெடு எழுதி வைக்கவில்லை, ஆனால் என் அனுபவத்தில் அவற்றுக்கும் ஏறக்குறைய அதே இரண்டு வருடம்தான். அதனால் கீழே உள்ள எல்லாவற்றையும் அந்தக் காலத்துக்குள் முடிக்கப் பாருங்கள்.

படி 1: கிளம்பும் முன்பே செய்யவேண்டியவை

அடுத்த வருடமும் இருக்கிறீர்களா என்று ஜனவரி, பிப்ரவரி வாக்கில் கேட்பார்கள். 'இல்லை' என்று சொன்ன அன்றே வேலையைத் தொடங்கிவிடுங்கள். கடைசி மாதம் வழியனுப்பு விருந்துகளிலேயே கரைந்துவிடும்.

நகராட்சி அலுவலகத்தில் 'தென்ஷுத்சு தொதோகே' கொடுக்க வேண்டும். இந்த ஊரைவிட்டு வெளியேறுகிறேன் என்ற அறிவிப்பு அது. இதைக் கொடுத்திருந்தால்தான் பிறகு ஓய்வூதியப் பணம் கேட்பது எளிது. குடியிருப்பு அட்டையை விமான நிலையத்தில் ஒப்படைத்துவிடுங்கள். துளை போட்டு நினைவுக்கு வைத்துக்கொள்ளக் கொடுப்பார்கள்.

அடுத்தது ஊர்வரி, 'ஜூமின்செய்'. பலர் இதில்தான் அதிர்ச்சி அடைகிறார்கள். ஜனவரி 1 அன்று நீங்கள் எந்த ஊரில் குடியிருந்தீர்களோ, அந்த ஊர் முந்தைய வருடச் சம்பளத்துக்கு வரி போடும். அதை ஜூன் முதல் அடுத்த மே வரை வசூலிப்பார்கள். ஆகஸ்டில் கிளம்புகிறவர்கள் மீதியை மொத்தமாகக் கட்ட வேண்டிவரும். கடைசிச் சம்பளத்தில் விமானச் சீட்டும் பரிசுப் பொருளும் வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

கல்வி வாரியத்திடம் பணிச் சான்றிதழ் ('ஸாய்ஷோகு ஷோமெய்ஷோ') வாங்கிக்கொள்ளுங்கள், ஜப்பானியத்தில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. ஐந்து வருடம் கழித்து மின்னஞ்சலில் கேட்டால் அங்கே உங்களைத் தெரிந்தவர் ஒருவரும் இருக்கமாட்டார். சம்பள வரிச் சீட்டையும் ('கென்சென் சோஷூஹ்யோ') பத்திரமாக வையுங்கள்.

அப்புறம் லைன் செயலி, ஜப்பானியர்களின் வாட்ஸ்அப். என் கணக்கு ஜப்பானிய எண்ணோடு மட்டும் கட்டப்பட்டிருந்தது. மின்னஞ்சலை இணைக்காமல், எண்ணை ரத்து செய்துவிட்டு, சிங்கப்பூர் வந்து புதுக் கைப்பேசியைத் திறந்தேன். மூன்று வருடப் பழக்கம், ஒரு தொடர்புகூட மிஞ்சவில்லை. ஜப்பானில் அரசுப் பள்ளி ஆசிரியர்களை ஏப்ரலில் வேறு பள்ளிக்கு மாற்றிக்கொண்டே இருப்பார்கள், யார் எங்கே என்பது மார்ச் கடைசியில்தான் தெரியும். பள்ளி முகவரிக்குக் கடிதம் போட்டுத் தேடினால் ஆள் அங்கே இல்லை. எனவே லைனை நம்பாமல், முக்கியமான பத்துப் பேருடைய வீட்டு முகவரியை ஒரு நோட்டில் அவர்கள் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதில் உள்ள 'கான்ஜி' எழுத்துகளை, அதாவது சீன வழி வந்த சித்திர எழுத்துகளை, பின்னால் பார்த்து எழுத வசதி.

படி 2: நெங்கின் பணம்

ஓய்வூதியத்தை 'நெங்கின்' என்பார்கள். மாதாமாதம் சம்பளத்திலிருந்து பிடித்தது. ஜப்பானியக் குடியுரிமை இல்லாதவர், குறைந்தது ஆறு மாதம் கட்டியிருந்தால், நாட்டைவிட்டு வெளியேறியபின் ஒரு பகுதியை மொத்தமாகத் திரும்பப் பெறலாம். இதுதான் 'தத்தாய் இச்சிஜிகின்'. ஜப்பானில் முகவரி இல்லாமல் போன நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

முன்பு எத்தனை வருடம் கட்டியிருந்தாலும் 36 மாதம் வரைதான் கணக்கில் எடுத்தார்கள். 2021 ஏப்ரலிலிருந்து அது 60 மாதம் ஆனது. ஐந்து வருடம் இருந்துவிட்டு வருகிறவர்களுக்கு இது நல்ல செய்தி.

தொகையை நீங்களே கணக்கிடலாம். மாதச் சராசரி ஊதியம் 3,00,000 யென், 36 மாதம் கட்டியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். 36 மாதத்துக்கான பெருக்கு எண் 3.3. ஆக 9,90,000 யென். இதில் 20.42 சதவீதம் வருமான வரியாகப் பிடித்துக்கொண்டு, அதாவது 2,02,158 யென்னை எடுத்துக்கொண்டு, 7,87,842 யென்னை உங்கள் நாட்டு வங்கிக் கணக்குக்கு அனுப்புவார்கள்.

பலர் இத்தோடு விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள், பிடித்த வரியும் திரும்ப வரும். இந்தப் பணத்தை ஓய்வுபெறும்போது கிடைக்கும் தொகையாகச் சட்டம் கருதுகிறது. அந்த வகை வருமானத்தில் வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 4 லட்சம் யென் கழிவு உண்டு. மூன்று வருடத்துக்கு 12 லட்சம். மேலே உள்ள உதாரணத்தில் கிடைத்த தொகையே 9.9 லட்சம்தான் என்பதால் வரி பூஜ்யம், பிடித்தது முழுக்கத் திரும்பும்.

அதைக் கேட்க ஜப்பானில் வசிக்கும் ஒருவர் உங்கள் சார்பில் வரி அலுவலகத்தில் கணக்குத் தாக்கல் செய்யவேண்டும். அவருக்கு 'நோசெய் கன்ரினின்', வரிப் பொறுப்பாளர், என்று பெயர். கூலிக்குச் செய்து கொடுப்பவர்களும் இருக்கிறார்கள், ஆனால் நம்பிக்கையான நண்பரே போதும். கிளம்பும் முன் வரி அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்து அவரை நியமித்துவிடுவது நல்லது. நான் அதை மறந்துவிட்டு ஊருக்கு வந்து, பள்ளி அலுவலகத்தில் கணக்குப் பார்த்த அம்மாவுக்குக் கெஞ்சிக் கடிதம் எழுதினேன். ஐந்து வருடம் வரை கேட்கலாம் என்பதால் தப்பித்தேன். பணம் வந்தபோது அனுப்பப்படும் தீர்மானக் கடிதத்தின் அசல் வரிப் பொறுப்பாளருக்குத் தேவைப்படும், தொலைத்துவிடாதீர்கள்.

விண்ணப்பத்தோடு கடவுச்சீட்டு நகல், வங்கிக் கணக்குச் சான்று, ஓய்வூதிய எண் உள்ள தாள் ஆகியவற்றை டோக்கியோவில் உள்ள ஜப்பான் ஓய்வூதிய நிறுவனத்துக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். பணம் வரச் சில மாதம் ஆகும். அதை நம்பி வீட்டுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

இந்தியாவிலிருந்து போனவர்கள் ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் இடையே 2016 அக்டோபர் 1 முதல் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் அமலில் இருக்கிறது. இரண்டு நாட்டிலும் கட்டிய காலத்தைச் சேர்த்துக் காட்டி ஓய்வூதியத் தகுதி பெற அது வழி தருகிறது. ஜப்பானில் அந்தத் தகுதிக்கு 25 வருடம் தேவைப்பட்டது, 2017 ஆகஸ்டில் 10 வருடமாகக் குறைந்தது. ஆனால் மொத்தப் பணத்தை வாங்கிவிட்டால் அந்தக் காலம் கணக்கிலிருந்து அழிந்துவிடும். மறுபடி ஜப்பானுக்கே வேலைக்குப் போகும் எண்ணம் உள்ளவர்கள் அவசரப்பட வேண்டாம். சிங்கப்பூர்க்காரனான எனக்கு அந்தக் குழப்பம் இல்லை, வாங்கிவிட்டேன்.

படி 3: மொழி துருப்பிடிக்கும் முன் ஒரு சான்றிதழ்

ஜப்பானிய மொழித் திறனுக்கான ஜே.எல்.பி.டி. தேர்வு ஜூலை, டிசம்பர் மாதங்களின் முதல் ஞாயிறு நடக்கிறது. என்5 முதல் என்1 வரை ஐந்து நிலைகள், என்1-தான் உச்சம். சில நாடுகளில் வருடத்துக்கு ஒரு தடவைதான். திரும்பிய உடனே வரும் தேர்வுக்குப் பதிவு செய்யுங்கள். வேலைச் சந்தையில் என்2-க்குக் கீழே இருப்பது ஆர்வத்தைக் காட்டும், அவ்வளவுதான். என்2 இருந்தால்தான் நேர்காணலுக்குக் கூப்பிடுகிறார்கள்.

ஆனால் அந்தத் தேர்வில் பேச்சும் கிடையாது, எழுத்தும் கிடையாது. எல்லாம் விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். பள்ளியில் வேலை பார்த்தவர்களின் ஜப்பானியத்துக்கு ஒரு விசேஷக் கோளாறு உண்டு. குழந்தைகளிடமிருந்தும் ஊர்ப் பாட்டிகளிடமிருந்தும் கற்றது அது. எங்கள் ஷிமானே பக்கத்தில் 'தந்தான்' என்றால் நன்றி. பொது ஜப்பானியத்தில் அதே சொல்லுக்கு 'படிப்படியாக' என்று பொருள். சிங்கப்பூரில் முதல் நேர்காணல் முடிந்து எழுந்தபோது பழக்க தோஷத்தில் தலை குனிந்து 'தந்தான்' என்றேன். எதிரே இருந்த மேலாளர், என்ன படிப்படியாக என்று பார்த்தார். வேலை கிடைக்கவில்லை. அதற்கு இதுதான் காரணமா என்று இன்றுவரை தெரியாது. மரியாதை மொழியான 'கெய்கோ'வைத் தனியாக உட்கார்ந்து படியுங்கள். தொலைபேசி எடுப்பது, கூட்டத்துக்கு நேரம் கேட்பது, மறுப்பது ஆகிய மூன்றும் வந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

படி 4: மூன்று வருடத்தை ஒரு தாளில் எழுதுவது

'ஜப்பானில் மூன்று வருடம் ஆங்கிலம் கற்பித்தேன்' என்று எழுதினால் படிப்பவர் மனதில் ஓடுவது நீண்ட விடுமுறைதான். நீங்கள் செய்தது அதுவல்ல. ஒரு நடுநிலைப்பள்ளி, நான்கு தொடக்கப்பள்ளிகள், வாரம் எத்தனை பாடவேளை, எத்தனை ஜப்பானிய ஆசிரியர்களோடு சேர்ந்து பாடம் தயாரித்தீர்கள், அவர்களில் எத்தனை பேருக்கு ஆங்கிலம் வராது என்று எண்ணிக்கையாக எழுதுங்கள்.

ஒரு பின்னணியையும் சேருங்கள். 2020 ஏப்ரலில்தான் ஜப்பானியத் தொடக்கப்பள்ளிகளில் ஐந்தாம், ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் மதிப்பெண் உள்ள முறையான பாடமானது. அதற்கு முந்தைய இரண்டு வருடம் பள்ளிகள் பதற்றத்தோடு தயாராகிக்கொண்டிருந்தன. அதுவரை ஆங்கிலம் கற்பித்தே பழகாத வகுப்பாசிரியர் ஒருவர், ஓய்வுபெற நான்கு வருடம் இருக்கும்போது, என்னோடு உட்கார்ந்து பாடத் திட்டம் போட்டார். அதை நான் தாளில் 'பெரிய மாற்றத்துக்கு மூத்த பணியாளர்களைத் தயார்செய்தது' என்று எழுதியபோதுதான் இரண்டாவது நிறுவனம் கூப்பிட்டது. பொய் எதுவும் இல்லை, விளக்கியிருக்கிறேன் அவ்வளவுதான்.

எங்கே விண்ணப்பிப்பது? வகுப்பறை பிடித்திருந்தால் உங்கள் நாட்டு ஆசிரியர் தகுதியை எடுங்கள். இந்தியாவில் பி.எட். இல்லாமல் ஜப்பான் அனுபவத்தை மட்டும் காட்டி முறையான பள்ளிக்குள் நுழைவது கடினம். ஜப்பானிய மொழி கற்பிப்பது வேறு வாசல். குறிப்பிட்ட திறன் தொழிலாளர்களை எடுக்கும் விசா முறையை ஜப்பான் 2019 ஏப்ரலில் தொடங்கியது, 2021 ஜனவரியில் இந்தியாவோடும் அதற்கான உடன்படிக்கை கையெழுத்தானது. போகிறவர்களுக்கு அடிப்படை ஜப்பானியம் வேண்டும், சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். அங்கே வாழ்ந்த ஒருவர் சொல்லிக்கொடுப்பதற்கும் புத்தகம் பார்த்துச் சொல்லிக்கொடுப்பதற்கும் வித்தியாசம் உண்டு: குப்பை எந்தக் கிழமை போடவேண்டும் என்பது புத்தகத்தில் வராது.

நிறுவனப் பக்கம் போகிறவர்கள் சென்னையைச் சுற்றி ஒரகடம், ஸ்ரீசிட்டி பகுதிகளைப் பாருங்கள். ஜப்பானியத் தொழிற்சாலைகளில் மொழிபெயர்ப்பாளர், ஒருங்கிணைப்பாளர் வேலைகள் வரும். ஜப்பானிய அரசின் வர்த்தக அமைப்பான ஜெட்ரோவின் அலுவலகம், ஜப்பானியத் துணைத் தூதரகம், இந்தோ-ஜப்பான் வர்த்தக சபை ஆகியவை அங்கேயே இருக்கின்றன. சிங்கப்பூரில் கிளேர் அமைப்பின் அலுவலகம் உண்டு. ஜப்பானிய உள்ளாட்சிகளுக்கான அமைப்பு அது, ஜெட் திட்டத்தை நடத்துவதில் பங்கு அதற்குத்தான். அங்கே பணியாற்றும் ஜப்பானியர்களில் பலர் பல மாகாண, நகராட்சி அலுவலகங்களிலிருந்து வந்தவர்கள். 'நான் ஷிமானேயில் இருந்தேன்' என்ற ஒரு வாக்கியத்துக்கு அங்கே கிடைக்கும் மதிப்பு வேறெங்கும் கிடைக்காது.

ஜப்பானிலேயே தங்க நினைத்தால்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் வேலை பார்ப்பவரின் விசா 'கல்வி' வகை. நிறுவனத்துக்கோ தனியார் ஆங்கில வகுப்புக்கோ மாறினால் விசா வகையையே மாற்ற வேண்டும். வேலை மாறிய 14 நாளுக்குள் குடியேற்றத் துறைக்கு அறிவிக்க வேண்டும். பள்ளியிலேயே முழு ஆசிரியராக விரும்பினால், மாகாணக் கல்வி வாரியம் தரும் 'சிறப்பு உரிமம்' என்று ஒன்று இருக்கிறது. பள்ளி நிர்வாகம் பரிந்துரைத்தால்தான் நகரும். உயர்திறன் விசாவுக்கு 70 புள்ளி வேண்டும். என்1 இருந்தால் 15, என்2 இருந்தால் 10 புள்ளி கிடைக்கும்.

தனியார் ஆங்கில வகுப்பு நிறுவனங்களில் சேர்கிறவர்கள் 2007 அக்டோபரை நினைவில் வையுங்கள். அந்தத் துறையின் மிகப்பெரிய பெயரான நோவா திவாலாகி, ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் சம்பளப் பாக்கியோடு நின்றார்கள். கையில் மூன்று மாதச் செலவுக்குப் பணம் இல்லாமல் சேராதீர்கள்.

படி 5: சங்கத்துக்குப் போங்கள், கையில் வேலையோடு

ஜெட் முன்னாள் பங்கேற்பாளர் சங்கம், சுருக்கமாக ஜெட்டா, 1989-இல் உருவானது. அமெரிக்கா, பிரிட்டன் மட்டுமல்ல, சிங்கப்பூர், தென்னாப்பிரிக்கா, ஜமைக்கா என்று பல நாடுகளில் கிளைகள் உண்டு. புதிதாகப் போகிறவர்களுக்கு வகுப்பு எடுப்பது, தூதரகத்தின் நேர்காணல் குழுவில் உட்காருவது, திரும்பி வந்தவர்களை வரவேற்பது எல்லாம் இவர்கள்தான்.

முதல் கூட்டத்துக்குப் போய், எனக்கு வேலை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வந்தவர்கள் இரண்டாவது கூட்டத்துக்கு வருவதில்லை. நானும் முதலில் அப்படித்தான் போனேன், ஓரமாக நின்று சோயா அவரை தின்றுவிட்டு வந்தேன். அடுத்த வருடம், ஜூலையில் கிளம்பும் குழுவுக்குக் குளிர்காலம் பற்றிப் பேச ஆள் வேண்டும் என்றார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்குப் பனி தெரியாது, தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிப்பது தெரியாது. அரை மணி நேரம் மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றிப் பேசினேன். இப்போதைய வேலை, அந்தக் கூட்டத்தில் நாற்காலி அடுக்கும்போது பக்கத்தில் நின்றவர் சொன்னது.

ஜெட் வழியாகப் போகாதவர்களும் ஒதுங்க வேண்டியதில்லை. பல கிளைகள் நிகழ்ச்சிகளில் யாரையும் சேர்த்துக்கொள்கின்றன. உங்கள் ஊரில் உள்ள ஜப்பானியக் குடும்பங்களையும் மறக்காதீர்கள். கம்பெனி மாற்றலில் வந்து, மொழி தெரியாமல், பிள்ளைக்குப் பள்ளி தேடிக்கொண்டிருப்பார்கள். ஷிமானேயில் நான் எப்படி நின்றேனோ அப்படி நிற்கிறார்கள். மருத்துவமனைக்கு ஒரு தடவை கூடப் போய்வாருங்கள்.

இந்தச் சமூகம் வெறும் பழங்கதைக் கூட்டம் அல்ல என்பதற்கு வடகிழக்கு ஜப்பானின் கடலோர ஊரான இஷினோமாகி சாட்சி. அமெரிக்காவின் வர்ஜீனியாவிலிருந்து போய் அந்த ஊரில் கற்பித்த டெய்லர் ஆண்டர்சன், 2011 மார்ச் 11 சுனாமியில் 24 வயதில் இறந்தார். அலாஸ்காவிலிருந்து போய் ரிகுசென்தகாதாவில் கற்பித்த மான்ட்கோமரி டிக்சனும் அன்றுதான் இறந்தார். டெய்லரின் பெற்றோர் மகள் பெயரில் நிதி அமைத்து, இஷினோமாகிப் பள்ளிகளில் புத்தக மூலைகளை உருவாக்கினார்கள். அலமாரிகளைச் செய்தவர் ஷின்இச்சி எந்தோ என்ற தச்சர். அதே சுனாமியில் தம் மூன்று பிள்ளைகளையும் இழந்தவர். டெய்லர் அந்தப் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர்.

படி 6: ஊரோடு தொடர்பு

வருடத்துக்கு ஒரு அட்டை போதும். புத்தாண்டு அட்டை, 'நெங்காஜோ'. ஜனவரி முதல் நாள் போய்ச் சேரவேண்டும் என்பதால் வெளிநாட்டிலிருந்து டிசம்பர் தொடக்கத்திலேயே அனுப்பிவிடுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை. துக்கம் நடந்த வீட்டுக்கு அந்த வருடம் நெங்காஜோ அனுப்பக் கூடாது. நம் வீடுகளில் சாவு விழுந்த வருடம் தீபாவளி இல்லை என்பதைப் போலத்தான். 'மோச்சூ' என்ற சாம்பல் நிற அட்டை நவம்பர், டிசம்பரில் வந்தால் புரிந்துகொண்டு, ஜனவரி 7-க்குப் பிறகு குளிர்கால நலம் விசாரிப்பு அட்டையாக அனுப்புங்கள். இதைச் சரியாகச் செய்யும் வெளிநாட்டுக்காரரை அந்தக் குடும்பம் மறக்காது.

திரும்பப் போய்ப் பார்க்கும் பயணத்தையும் திட்டமிடுங்கள். மார்ச், ஏப்ரல் வேண்டாம், பள்ளி மாற்றல் களேபரத்தில் இருக்கும். சிறந்த சமயம் நீங்கள் கற்பித்த கடைசி வகுப்பின் இருபது வயது விழா. வயதுக்கு வந்தவர்களாக ஊர் அவர்களை வாழ்த்தும் விழா அது. ஜப்பானில் 2022 ஏப்ரலில் சட்டப்படி பெரியவராகும் வயது 18 ஆகக் குறைந்தாலும், பெரும்பாலான ஊர்கள் இருபதில்தான் விழா எடுக்கின்றன. வழக்கமாக ஜனவரி இரண்டாம் திங்கள். பனி விழும் ஊர்களும், பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட ஊர்களும் ஆகஸ்டில் வைத்துக்கொள்ளும். நடுநிலைப்பள்ளி மூன்றாம் ஆண்டில் பதினைந்து வயதில் பார்த்த முகங்கள், ஐந்து வருடம் கழித்து ஒரே மண்டபத்தில் கூடியிருக்கும்.

இரண்டு மாதம் முன்பே துணைத் தலைமையாசிரியருக்கு, அதாவது 'க்யோதோ'வுக்கு, எழுதுங்கள். பள்ளியை உண்மையில் நடத்துவது அவர்தான். 'ஒமியாகே', அதாவது ஊரிலிருந்து வாங்கிப்போகும் தின்பண்டப் பரிசு, இல்லாமல் ஆசிரியர் அறைக்குள் போகக்கூடாது. ஒவ்வொன்றும் தனித்தனிப் பொட்டலமாக இருக்கவேண்டும், மேசைக்கு ஒன்று வைத்துவிட்டு வர. லிட்டில் இந்தியாவில் வாங்கிய முறுக்கை நானே சிறு உறையில் பிரித்துக் கட்டி எடுத்துப்போனேன். மொத்தம் எத்தனை பேர் என்று முன்கூட்டியே க்யோதோவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் 2019-இல் கிளம்பியபோது எங்கள் பள்ளியில் மேசைகள் பதினான்கு. போனதடவை கேட்டதற்கு, ஒன்பது போதும் என்று பதில் வந்தது. பழைய கணக்கு நினைவில் பதினான்கு கட்டிக்கொண்டு போய்விட்டேன். மிஞ்சிய ஐந்தையும் க்யோதோ எடுத்து, ஆள் இல்லாத ஐந்து மேசைகளிலும் ஒவ்வொன்றாக வைத்தார்.